நாக்கில்லாத குடித்தனம்

"உள்ளே போனதும் சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது," என்றார் புரோக்கர். இருவரையும் சந்து முனையில் நிறுத்தி வைத்து விரலை ஆட்டினார். "வாசனை வந்தா மூக்கை உறிஞ்சக் கூடாது. எச்சில் முழுங்கினா சத்தம் வெளில வரக் கூடாது. கடையம்மா கேட்டா, வயிறு ரொம்பினா போதும், அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"ஏன்?" என்றாள் மனைவி.

"ஏனா? சாப்பாட்டுப் பைத்தியங்களைக் கண்டா அந்தம்மாவுக்கு ஆகவே ஆகாது மேடம். காலம் பூரா அவங்களுக்கு ஆக்கிப் போட்டு அலுத்துப் போச்சு. ரெண்டு வருஷத்துல மூணு குடி வந்து காலி பண்ணிட்டாங்க, தெரியுமா?"

காதுக்காரர் எச்சிலை முழுங்கினார். சத்தம் வந்தது.

"இதைத்தான் சொன்னேன் சார்," என்றார் புரோக்கர்.

காதுக்காரர் என்பது பெயரல்ல, பிழைப்பு. காது பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, 'பீப்' என்று ஒரு ஒலியை அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். ஊரார் காதையெல்லாம் பார்த்துப் பார்த்து அவருக்குத் தன் காதின் மேல் அபாரமான அக்கறை வந்துவிட்டது. மனைவியோ ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எட்டு மணி நேரம் ஒலிபெருக்கியில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், ஈ பறந்தாலும் அவளுக்கு எரிச்சல் வரும். ஆக, இரண்டு பேருக்கும் அமைதி வேண்டும்.

அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இவ்வளவு பெரிய நகரத்தில் வீடு கிடைக்காமலா போயிருக்கும்? இரண்டு பேருக்கும் நாக்கும் நீளம். நல்ல சாப்பாட்டுக்காக நாலு பேருந்து மாறிப் போவார்கள். போன இடத்தில் சும்மா சாப்பிட்டுவிட்டு வருகிற பழக்கமும் கிடையாது. முதல் வாய்க்குக் கண்ணை மூடுவார்கள், இரண்டாவது வாய்க்குத் தலையை ஆட்டுவார்கள், மூன்றாவது வாய்க்கு ஆளுக்கொரு குறை சொல்வார்கள். சமைக்க மட்டும் மாட்டார்கள். "ரசிக்கறவன் ரசிக்கணும், ஆக்கறவன் ஆக்கணும்," என்பது காதுக்காரரின் கொள்கை. அவர்கள் வீட்டு அடுப்பில் இதுவரை கொதித்தது வெந்நீர் மட்டும்தான்.

பத்து மாதமாக ஒரு ஞாயிறு விடாமல் வீடு தேடினார்கள். காதுக்காரர் கையில் சத்தத்தை அளக்கும் கருவி, மனைவி கையில் நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு இரண்டு கட்டம்: ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று சாப்பாட்டுக்கு. பெரிய பெரிய மதில் வைத்த வீடுகள் இருந்த பேட்டையில் காக்காகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் கத்தியது. ஆனால் அங்கிருந்த ஒரே கடையில் கொடுத்த சூப்பைப் பார்த்ததும், இது குடிக்கவா கை கழுவவா என்று காதுக்காரர் சர்வரையே கேட்டுவிட்டார். கடைத்தெருப் பக்கம் ஒரு வீடு. கீழே வறுத்த கறிக்கு உயிரையே கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். தூக்கம் வருகிற இடத்தில் சோறு இறங்கவில்லை, சோறு இறங்குகிற இடத்தில் தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் கடிகாரக்காரர் வந்து சேர்ந்தார். கைக்கடிகாரம் பழுது பார்க்கிற பெரியவர். காதில் கடிகாரச் சத்தமே கேட்காமல் போய், தொழிலே போச்சென்று அழாத குறையாகக் காதுக்காரரிடம் வந்தார். காதுக்காரர் காதில் கேட்கும் கருவி வைத்துச் சரிப்படுத்தினார். நன்றிக்கடனாகப் பெரியவர் கொடுத்தது ஒரு நாற்காலி. அதாவது, ஒரு நாளைக்கு அதில் உட்காரும் உரிமை.

நூலகத்தின் பின்மதிலை ஒட்டி ஒரு முட்டுச்சந்து. அதன் கோடியில் பலகை இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை. மொத்தம் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு ஆள். வருஷக்கணக்காக அதே ஆட்கள்தான். ஒருத்தர் ஊரை விட்டோ உலகத்தை விட்டோ போனால்தான் அடுத்த ஆளுக்கு இடம். மதியம் பன்னிரண்டுக்குத் திறந்தால் மூன்றுக்கு மூடிவிடுவார்கள். பார்சல் கிடையாது. ஏழாம் நம்பர் நாற்காலியில் காதுக்காரரும் மனைவியும் ஒட்டி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பருப்பும் கீரையும் வறுத்த மீனும்தான். மூன்று வாய் போயிற்று, பத்து வாய் போயிற்று, குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மனைவி பதினொரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். கல்யாணமான நாள் முதல் அது ஒரு சாதனை.

வெளியே வந்து காதுக்காரர் சத்தம் அளக்கும் கருவியைப் பார்த்தார். முப்பத்தொன்று. காட்டுக்குள் போனால்கூட அதற்கு மேல்தான் இருக்கும்.

"என்னங்க, இங்கதான்," என்றாள் மனைவி. கண்ணில் தண்ணீர் நின்றது.

விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. கடைக்கு மேல் மாடிவீடு காலி. அதில் குடியிருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு கடையிலிருந்தே மேலே போகும். அது அந்த வீட்டு வழக்கம். வீட்டைப் பிடித்தால் வாழ்நாள் பூரா அந்தச் சாப்பாடு! அன்று இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஆள் வைக்கும் பொறுப்பு ஒரு புரோக்கரிடம் இருந்தது. அவர்தான் இப்போது சந்து முனையில் நின்று விரலை ஆட்டிக்கொண்டிருப்பவர்.

கடையம்மா அடுப்படியில் நின்றார். பந்தி நேரத்தில் வெளியே வராதவர், அன்று ஏழாம் நம்பரில் இவர்கள் சாப்பிட்டதைப் பார்த்திருக்கவில்லை. ஆள் குள்ளம், கைகள் மட்டும் பெரியவை. அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. காதுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வேலை?"

"காது பார்க்கறேம்மா."

"இவங்க?"

"ரயில் வருது, போகுதுன்னு சொல்வேன்," என்றாள் மனைவி.

"சாப்பாடெல்லாம் எப்படி?" கடையம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வயிறு ரொம்பினா போதும்மா. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது," என்று காதுக்காரர் ஒப்பித்தார்.

மனைவிக்கு அது போதவில்லை. "எங்களுக்கு உப்பும் ஒண்ணுதான், சர்க்கரையும் ஒண்ணுதான். போன மாசம் டீயில உப்பைப் போட்டுக் குடிச்சுட்டு வேலைக்குப் போயிட்டோம்னா பாருங்களேன்!"

கடையம்மா ஒரு கரண்டி மீன் குழம்பை எடுத்து நீட்டினார். "இதை வாயில போட்டுப் பாருங்க. என்ன குறையுதுன்னு சொல்லுங்க."

காதுக்காரர் நாக்கில் அது பட்டதுதான் தாமதம், உடம்பு சிலிர்த்தது. அமிர்தம். ஆனால் ஒரு சிட்டிகை உப்பு பற்றாது, புளிப்பும் ஒரு பொட்டு குறைச்சல். அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டால் எங்கேயோ போய்விடும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கடையம்மாவுக்குப் பின்னால் புரோக்கர் இரண்டு கைகளையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார்.

"மீனா இது?" என்றார் காதுக்காரர். "நான் உருளைக்கிழங்குன்னு நினைச்சுட்டேன்."

கடையம்மா ஒரு பெருமூச்சு விட்டார். நல்ல நீளமான பெருமூச்சு. அப்பாடா, நிம்மதி வந்துவிட்டது அம்மாவுக்கு என்று காதுக்காரர் முடிவு கட்டினார்.

"சரி, வீடு சும்மா பூட்டிக் கிடக்கறதுக்கு யாராவது இருந்துட்டுப் போகட்டும்," என்று கடையம்மா சாவியைக் கொடுத்தார். புரோக்கர் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பனுக்குக்கூட அவ்வளவு வராது.

குடி வந்த அன்று பன்னிரண்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. கடையில் காய் நறுக்குகிற அக்கா. எந்நேரமும் கையில் கத்தியோடு திரிவதால் எல்லோருக்கும் கத்தி அக்கா. ஒரு கையில் கத்தி, மறு கையில் மூடி போட்ட தட்டு. காதுக்காரர் அன்றைக்கென்று காலையில் பட்டினி கிடந்திருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூடியைத் திறந்தார்கள்.

அடிப்பிடித்த சோறு. சட்டியைச் சுரண்டி எடுத்தது. பக்கத்தில் குழைந்துபோன காய் ஒன்று, எது என்று அதற்கே மறந்துபோன நிலையில் கிடந்தது. மீனில் வால் மட்டும் வந்திருந்தது.

"தட்டு மாறிப் போச்சு போல," என்று மனைவி எழுந்து படியிறங்கி ஓடினாள்.

"மாறலை கண்ணு," என்றார் கடையம்மா வாத்சல்யமாக. "தினமும் அடில இவ்வளவு மிஞ்சிப் போகுது, கொட்ட மனசு வரலை. ருசி பார்க்கறவங்க யாரும் இதைத் தொட மாட்டாங்க. உங்களுக்குத்தான் எல்லாம் ஒண்ணாச்சே. நல்ல வேளை, நீங்க வந்தீங்க."

மனைவி திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெகு நேரம் பேசவில்லை. பதினொரு நிமிஷ சாதனை அன்றைக்கே முறிந்தது.

அந்த வீட்டின் அமைதி எப்படிப்பட்டது என்று இருவருக்கும் அப்புறம்தான் புரிந்தது. சந்தில் ஒரு ஹாரன் கிடையாது, ஒரு நாய் கிடையாது. அதனால் கீழே எண்ணெயில் வெங்காயம் விழுகிற ஓசை மாடிக்குத் துல்லியமாகக் கேட்கும். வறுவலைக் கடிக்கிற சத்தத்தை வைத்தே அது எந்த நாற்காலி என்று காதுக்காரரால் சொல்ல முடிந்தது. பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் திருப்தியாக விடுகிற ஏப்பத்தை அவர் தரையில் படுத்துக்கொண்டு எண்ணினார். எத்தனை வருஷம் படித்துத் தயார் செய்த காது! அது இப்போது அவரையே கொன்றது.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் பின்பக்க ஜன்னலில் காத்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் சமையலறைக் கதவு தெரியும். கதவை ஒட்டி உள்பக்கமாக ஒரு ஸ்டூல். அதில் தினமும் பதினொன்றரைக்கெல்லாம் புரோக்கர் வந்து உட்கார்ந்துவிடுவார். முன்னால் ஆறு கிண்ணம், ஆறிலும் ஆறு தினுசு.

"என்ன புரோக்கர் சார், தினம் இங்கதான் சாப்பாடா?" என்று காதுக்காரர் ஒருநாள் மடக்கினார்.

"சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் சார். அம்மா விட மாட்டேன்னுட்டாங்க," என்று புரோக்கர் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துணியில் மசாலா மணம். "நீங்க எதுவும் வாயைத் திறக்கலையே?"

"இல்லை."

"சபாஷ். அப்படியே இருங்க."

மனைவிதான் முதலில் வழி கண்டுபிடித்தாள். "பாராட்டிப் பார்ப்போம்ங்க. ஆக்கறவங்களுக்குப் பாராட்டினா மனசு இளகும். அப்புறம் நல்ல தட்டா வரும்." காதுக்காரர் போய், சோறு பிரமாதம் என்றார். கடையம்மாவுக்கு உண்மையாகவே மனசு இளகிவிட்டது. இதையும் இப்படி ரசிக்கிறார்களே, பாவம் என்று மறுநாளிலிருந்து சட்டி அடியை இரண்டு மடங்காகச் சுரண்டி அனுப்பினார்.

சரி, திருப்பி அனுப்பிப் பார்ப்போம் என்று அடுத்த மூன்று நாள் பாதித் தட்டைத் தொடாமல் கீழே அனுப்பினார்கள். நாலாவது நாள் கடையம்மாவே மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "எதைக் குடுத்தாலும் சாப்பிடற பிள்ளைங்க, சாப்பிடலைன்னா உடம்புக்கு ஏதோ இருக்கணும்," என்று இருவர் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். ஒரு வாரத்துக்குக் கஞ்சி வந்தது. உப்பில்லாத கஞ்சி. தட்டு காலியாகிறதா என்று பார்க்கக் கத்தி அக்கா கத்தியோடு வாசலில் நின்றாள்.

எட்டாம் நாள் காதுக்காரர் ஒரு காரியம் செய்தார். சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது. கடிகாரக்காரரைக் கூப்பிட்டு, "பெரியவரே, உங்க காதை இன்னொரு தடவை முழுசா பார்த்துடணும். நாளைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்துடுங்க," என்றார்.

"ஐயா, அது என் சாப்பாட்டு நேரமாச்சே!"

"காது முக்கியமா, சாப்பாடு முக்கியமா?"

இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் எப்படி வந்ததோ! பெரியவர் பயந்துபோய் ஒத்துக்கொண்டார். அவர் கண்ணாடி அறைக்குள் பசியோடு உட்கார்ந்து பீப்புக்குப் பீப் கையைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஏழாம் நம்பர் நாற்காலியில் காதுக்காரர் மனைவி உட்கார்ந்தாள். "கடிகாரக்காரர் இன்னிக்கு வர முடியலையாம். இடம் சும்மா கிடக்க வேண்டாமேன்னு உட்கார்ந்தேன்," என்றாள். பாதியைக் கணவனுக்கு எடுத்துப் போகக் கைப்பைக்குள் ஒரு டப்பா வைத்திருந்தாள். ஏற்பாடு பக்காதான்.

ஆனால் முதல் வாய் உள்ளே போனதும் டப்பா மறந்தது, கணவன் மறந்தது, தான் யார் என்பதே மறந்தது. ஒன்றரை மாதத்து வறட்சி. "ஆஆஹா!" என்றாள்.

நாலு நடைமேடைக்கும் கேட்கிற குரல் அது. கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. நூலகத்து ஜன்னல்கள் ஒன்றிரண்டு திறந்தன. பதினொரு பேரும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உறைந்துபோனார்கள். சமையலறையிலிருந்து கடையம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். முகமெல்லாம் ஆவல்.

"என்னம்மா? என்ன கண்ணு? எப்படி இருக்கு? சொல்லு!"

அவர் தோளுக்குப் பின்னால் புரோக்கர் முகம் தெரிந்தது. வாயில் பாதிக் கவளத்தோடு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது.

"நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்மா," என்றாள் மனைவி.

கடையம்மாவின் முகம் சட்டென்று விழுந்தது. "ஐயோ பாவம், இருக்கறதே பேருக்கு ஒரு நாக்கு, அதையும் கடிச்சுக்கிட்டியா?" என்று அவரே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாக்குப் புண் ஆறுகிற வரைக்கும் உறைப்பு கூடாது, புளிப்பு கூடாது, சூடு கூடாது என்று பத்து நாளைக்கு இருவருக்கும் வேகவைத்த பூசணிக்காய் வந்தது. புண் ஒருத்திக்குத்தானே என்று காதுக்காரர் கேட்டுப் பார்த்தார். "உங்களுக்கு எதுவானா என்ன தம்பி," என்று பதில் வந்தது.

கண்ணாடி அறையில் ஒன்றரை மணி நேரம் பட்டினியாக உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர், தன் நாற்காலியில் யார் உட்கார்ந்தது என்று மறுநாளே தெரிந்துகொண்டார். காதுதான் நன்றாகக் கேட்கிறதே! அன்று முதல் சந்தில் காதுக்காரரைப் பார்த்தால் காதிலிருக்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மற்ற பதினொரு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் கைவைத்தவனை யார் மன்னிப்பார்கள்?

பூசணிக்காயின் ஒன்பதாம் நாள் மனைவி அழுதேவிட்டாள். "உண்மையைச் சொல்லிடலாம்ங்க. எங்களுக்கு நாக்கு இருக்கு, தெரியாம பொய் சொல்லிட்டோம், மன்னிச்சுடுங்கன்னு கால்ல விழுந்துடலாம். என்ன பண்ணிடுவாங்க? இதுக்கு மேல என்ன பண்ண முடியும்?"

காதுக்காரருக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், எதைச் செய்யும் முன்னாலும் நாலு பேரைக் கலந்துகொள்வது. நேரே புரோக்கரிடம் போனார்.

விஷயத்தைக் கேட்டதும் புரோக்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "சார், நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்தக் காரியம் மட்டும் பண்ணிடாதீங்க. நாக்கு இருக்குன்னு தெரிஞ்ச நிமிஷமே சாமானையெல்லாம் தூக்கி சந்துல எறிஞ்சுடுவாங்க. உங்களுக்கு ஒரு மரியாதை இருக்கு. காது பார்க்கற மனுஷன் நடுத்தெருவுல நிக்கணுமா?"

"அப்போ என்னதான் பண்றது? பூசணிக்காயைத் தின்னே சாகவா?"

புரோக்கர் கண்ணை மூடி யோசித்தார். அவர் அப்படி யோசித்ததைப் பார்த்துக் காதுக்காரருக்கு நெகிழ்ந்துவிட்டது. நமக்காக இந்த மனுஷன் இவ்வளவு கஷ்டப்படுகிறாரே!

"கௌரவமா நீங்களே காலி பண்ணிடுங்க சார். பேருந்து நிலையத்துக்கு எதிர்ல கைவசம் ஒரு வீடு இருக்கு. சத்தம் கொஞ்சம் இருக்கும், மறைக்கலை. ஆனா சுத்தி முப்பது சாப்பாட்டுக் கடை. நல்லதோ கெட்டதோ, கேட்டது கிடைக்கும். நாளைக்கே சாவி வாங்கித் தர்றேன்."

இரண்டு நாள் இருவரும் மல்லுக்கட்டினார்கள். அமைதியா, ருசியா என்ற பழைய கேள்வியே இப்போது இல்லை. இங்கே அமைதி இருக்கிறது, ருசி தரைக்குக் கீழே பத்தடியில் இருக்கிறது, கைக்கு மட்டும் எட்டவில்லை. ருசியே இல்லாத ஊரில் பட்டினி கிடக்கலாம். இந்த வாசனையில் கிடக்க முடியாது. மூன்றாம் நாள் மூட்டை கட்டினார்கள்.

கடையம்மா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "நல்ல பிள்ளைங்க. ஒரு சத்தம், ஒரு சண்டை கிடையாது. இருந்திருக்கலாம்," என்றார். அதோடு நிற்காமல், வழிக்கு ஆகும் என்று ஒரு பொட்டலத்தையும் கொடுத்தார். மனைவி நப்பாசையோடு ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். அடிப்பிடித்த சோறு. புரோக்கர் பின்னாலேயே நின்று, அடுத்த குடி பேசி முடித்தாயிற்று, திங்கட்கிழமை வந்துவிடுவார்கள் என்று கடையம்மாவைத் தேற்றினார். தேற்றிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். மணி பதினொன்றரை.

வண்டியில் சாமான் ஏறியாயிற்று. மனைவி முன்சீட்டில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காதுக்காரர் கடைசியாக ஒருமுறை கருவியை எடுத்துப் பார்த்தார். முப்பத்தொன்று. அணைக்க மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே கிடைக்கும் இனிமேல்?

கத்தி அக்கா வழியனுப்ப வந்து நின்றாள். வழக்கம்போல் கையில் கத்தி.

"போறீங்களா சார்? அம்மாவுக்குத்தான் ரொம்ப ஏமாத்தமாப் போச்சு."

"ஏமாத்தமா? எங்களாலயா? நாங்கதான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லையே அக்கா!"

"அதுதான் சார் குறை." அவள் சந்தின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போகப் போறவங்கதானே, சொன்னா என்ன? வெளில தெரிஞ்சா கடை போச்சு. பத்து வருஷம் முந்தி ஒரு காய்ச்சல் வந்ததுலேருந்து அம்மாவுக்கு வாயில ருசியே தெரியாது. உப்பு தெரியாது, புளிப்பு தெரியாது, எல்லாம் கை அளவுதான். அதனாலதான் மாடி வீட்டையே வச்சிருக்காங்க. குடி வர்றவங்க சமையக்கட்டுல உட்கார்ந்து, ஒவ்வொண்ணையும் முதல்ல சாப்பிட்டுப் பார்த்து, இது குறையுது அது குறையுதுன்னு சொல்லணும். முதல்ல ஒருத்தர் இருந்தாரு, எட்டு வருஷம், என்ன நாக்கு தெரியுமா? அவருக்கு ஊர் மாத்தலாயிடுச்சு."

காதுக்காரருக்குக் காது அடைத்தது. வண்டி கிளம்பத் தயாராகி உறுமியது. அவர் கையால் கதவைத் தட்டி, "நிறுத்து, நிறுத்துப்பா!" என்று கத்தினார். "அப்புறம்? அவருக்கு அப்புறம் ஏன் ஒருத்தரும் கிடைக்கலை?"

"அதை ஏன் கேக்கறீங்க, நல்ல நாக்கா ஒரு ஆளைப் பாருன்னு அம்மா தலைப்பாடா அடிச்சுக்கறாங்க, இந்தப் புரோக்கரும் எங்கேருந்துதான் பொறுக்கறாரோ தெரியலை, உங்களையும் சேர்த்து நாலு குடியும் உப்பு தெரியாத ஜென்மங்க, வேற வழியில்லாம அந்த மனுஷனே ரெண்டு வருஷமா அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து எல்லாத்தையும் தின்னு பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கு, பாவம்!"